சனிக்கிழமை மூன்று மணிக் குதிரை

ஐந்நூறு வெள்ளி முன்பணம்.
ரசீது கேட்டேன், சிரித்தார் சேவியர்ராஜ்.
"நம்ம ஆளுங்களுக்குள்ள ரசீது எதுக்குக்கா?"
அந்த 'நம்ம'வின் விலைதான் ஐந்நூறு என்று
அப்போது தெரியவில்லை.

லிம் சூ காங்.
975ஆம் எண் பேருந்து கல்லறைகளைத் தாண்டி
ஆளில்லாத சாலையில் என்னை மட்டும் இறக்கிவிட்டுப் போனது.
தகரக் கூரை, ஈரச் சாணம், ஒரு மின்விசிறி.
கிராஞ்சியில் பந்தயம் நின்றபின்
வேலை போன செவலை ஒன்று.
நெற்றியில் அரிசி சிந்தினாற்போல் வெள்ளை.
"வயசு எட்டு. கொழந்தை மாதிரி."

குழந்தை மாதிரிதான் நின்றது.
தலை தாழ்ந்து,
கண் பாதி மூடி,
கீழுதடு தொங்க.
கழுத்தில் கை வைத்தேன்,
என் தோளில் நீளமாக மூச்சு விட்டது.
நாற்பத்தாறு வயது எனக்கு.
ஒன்பது ஆண்டு ஞாயிறுகளில்
யாருடைய குதிரைகளிலோ
அரைமணி அரைமணியாகச் சேர்த்த ஆசை.
அந்த மூச்சை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை ஜொகூர்லேருந்து ஒருத்தர் வர்றார்.
உங்களுக்காகத்தான் நிறுத்தி வைக்கிறேன்."
கைபேசியில் எண்ணைத் தட்டினேன்.
பச்சை நிறத்தில் 'வெற்றி' என்றது திரை.

தானம் வந்த மாட்டின் பல்லைப் பார்க்கக் கூடாதாம்.
இது தானமில்லை, பன்னிரண்டாயிரம்.
அதுவும் வாசற்படிதான்.
உள்ளே லாய வாடகை, லாடம்,
கப்பலில் வரும் வைக்கோல்,
மாதாமாதம் இன்னொரு வீட்டுக்கடன்.
எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் கணக்கு எழுதினேன்.
பல்லைப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

திரும்பும் பேருந்தில்
சீனக் கல்லறைகள் ஓடிக்கொண்டிருந்தபோது
அந்த உதடு நினைவுக்கு வந்தது.

எனக்குத் தெரிந்த உதடு அது.
இருபது ஆண்டாக அறுவைக் கூடத்தில்
பத்திலிருந்து எண்ணுங்கள் என்பேன்.
ஏழில் அப்படித்தான் தளரும்.

புதன்கிழமை, இரவு வேலை முடிந்த கையோடு,
சொல்லாமல் போனேன்.
கூடவே கால்நடை மருத்துவர் ஹுவீ லிங்,
அவளுடைய முந்நூற்றைம்பது வெள்ளிக் கட்டணம்.
(நான் வாங்கியதிலேயே மலிவான பொருள் அதுதான்.)
சேவியர்ராஜ் இல்லை.
வாளி கழுவிக்கொண்டிருந்த அஷ்ரஃபுல்
எங்களைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான்,
கதவைத் திறந்துவிட்டான்.

மதுரையில் ஓர் அரசனுக்கு வந்த பரிகள்
இரவோடு இரவாக நரிகளாயின என்பார்கள்.
இது நரியாகவில்லை.
விழித்ததும் குதிரையானது.
காதைப் பின்னுக்கு மடித்தது,
பலகையை உதைத்தது,
கை நீட்டினேன், கடிக்க வந்தது.

சிமெண்டுத் தரையில் ஓடவிட்டாள் ஹுவீ லிங்.
டக் டக் டக், ட.
டக் டக் டக், ட.
இடது முன்னங்கால் தரையைத் தொட யோசித்தது.
பல்லுக்குப் பதினான்கு வயது, குறைந்தது.
தோலுக்கடியில் இருந்த சில்லு ஓர் எண் சொன்னது,
தாள் வேறோர் எண் சொன்னது.
கழுத்து நரம்போரம்
விரல்நக அளவு மழித்த இடத்தை
அவள் காட்டும் முன்பே பார்த்துவிட்டேன்.
என் கைகளும் செய்கிற வேலைதானே.

"வேணாம்," என்றாள் ஹுவீ லிங், தமிழிலேயே.
எங்கே கற்றாளோ.

புகார் எழுதினேன்.
பணம் கேட்டு அனுப்பிய செய்தியில்
ஒற்றைக் குறி, இன்னும் ஒற்றைக் குறி.
தோழி கேட்டாள், ஐந்நூறோடு தப்பித்தாயே, போதாதா?
போதும்தான்.

ஆனால் நான் கிளம்பும்போது
காதுகளை மெல்ல நிமிர்த்தி
முதல்முறையாக என்னைப் பார்த்தது அது.
கண் முழுதாகத் திறந்திருந்தது.
பிடித்திருக்கவில்லை என்னை.
அதையாவது
அது சொந்தமாகச் சொன்னது.

மறு கால்நடை மருத்துவர், மறு தாள்,
சொல்லாமல் இருமுறை போவது,
எல்லாம் இப்போது எனக்குப் பாடம்.
ஒரு நாள் வாங்குவேன்.

அதுவரை
சனிக்கிழமை மூன்று மணி ஆனால்
கூடத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
லிம் சூ காங்கில்
யாரோ ஒருவருக்காக
இப்போது அதற்கு எட்டு வயது.